கையால் தொட்டறியும் கல்வி நம் பிள்ளைகளின் உரிமை

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கூலி உயர்வு, பஞ்சப்படி, குடிமனைப் பட்டா, ரேஷன் அரிசி ஆகியவற்றைப் பற்றிப் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசும்படி சங்கம் பணித்திருக்கிறது. கூலிப் போராட்டத்தை ஓரத்தில் வைத்துவிட்டு வேறு எங்கோ போகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். நாம் குடிக்கிற தண்ணீர், நாம் உழுகிற மண், நாம் சுவாசிக்கிற பஞ்சுத் தூசி, நாம் தெளிக்கிற பூச்சி மருந்து, இவற்றைப் பற்றி நம் பிள்ளை பள்ளியில் என்ன கற்றுக்கொள்கிறான் என்பதுதான் விஷயம்.

இவையெல்லாம் பாடத்தில் இல்லையா? இருக்கின்றன. சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1991இல் உத்தரவிட்டது. பாடப் புத்தகத்தில் மரம் இருக்கிறது, நதி இருக்கிறது, புகை கக்கும் ஆலையின் படமும் இருக்கிறது. ‘நீர் மாசுபடுவதற்கு ஐந்து காரணங்கள் கூறுக’ என்று பரீட்சையில் கேட்கிறார்கள். நம் பிள்ளை ஐந்தையும் ஒப்பித்து எழுதி மார்க் வாங்குகிறான். அதே பள்ளிக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்கால் ஏன் கருத்துப் போயிற்று என்று அவனைக் கேளுங்கள். விழிப்பான். அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் மொண்டு வந்து மேஜைமேல் வைத்து, ‘இதில் என்ன இருக்கிறது, பார்ப்போம்’ என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. நெல்லின் நடுவே வளர்ந்தவனுக்கு நெற்பயிரின் படத்தைக் காட்டிப் பாடம் நடக்கிறது. வயல் ஐம்பது அடி தூரத்தில் இருக்கிறது. யாரும் அங்கே அவனை அழைத்துப் போவதில்லை.

வசதி படைத்தவன் வீட்டுப் பிள்ளைக்கு ஆய்வுக்கூடம் இருக்கிறது, கோடை முகாம் இருக்கிறது, வீட்டிலேயே பூதக்கண்ணாடி இருக்கிறது. கையால் செய்து கற்பது அவனுக்குக் கிடைக்கிறது. நம் பிள்ளைக்குக் கிடைப்பது மனப்பாடம் மட்டுமே. இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

நியாயமான ஒரு சந்தேகம்

இங்கே உங்களில் பலருக்கு ஒரு சந்தேகம் எழும். “மண்ணையும் சேற்றையும் தொடாமல் இருக்கட்டும் என்றுதானே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்? அங்கேயும் மண்ணைத் தோண்டச் சொன்னால் எதற்கு அனுப்ப வேண்டும்?” என்று கேட்பீர்கள். இது அறியாமையில் பிறந்த கேள்வி அல்ல. பட்ட அனுபவத்தில் பிறந்த கேள்வி.

1953இல் அன்றைய சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி சர்க்கார் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாட நேரத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றார்கள். செருப்புத் தைப்பவன் மகன் செருப்புத் தைக்கவும், வெளுப்பவன் மகன் வெளுக்கவும், பண்ணையாள் மகன் பண்ணையாளாகவே இருக்கவும் வழி செய்த அந்தத் திட்டத்துக்கு மக்கள் ‘குலக்கல்வி’ என்று பெயர் வைத்தார்கள். திராவிட இயக்கத்தார் எதிர்த்தார்கள். கம்யூனிஸ்டுகளும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராஜ் முதல் மந்திரியான பிறகு திட்டம் கைவிடப்பட்டது.

அந்தக் குரல் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. மத்திய சர்க்காரின் 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையை எடுத்துப் பாருங்கள். ‘அனுபவக் கல்வி’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 6ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை ஒரு சமயம் 10 நாள் புத்தகப் பை இல்லாமல் பிள்ளைகள் உள்ளூர்த் தச்சரிடமும் தோட்டக்காரரிடமும் குயவரிடமும் தொழில் பழக வேண்டும் என்று அது சொல்கிறது. தச்சு வேலை இழிவு என்று நாம் சொல்லவில்லை. உழைப்பை மதிப்பவர்கள் நாம். ஆனால் அந்தப் பத்து நாள் யாருடைய பிள்ளைக்குப் பொழுதுபோக்காகவும், யாருடைய பிள்ளைக்குத் தலைவிதியாகவும் முடியும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இன்னொன்றும் நாம் மறப்பதற்கில்லை. பள்ளித் தோட்டம் என்ற பெயரில் சேரிப் பிள்ளையை மட்டும் தண்ணீர் சுமக்கச் சொல்வதும், துப்புரவு என்ற பெயரில் அவன் கையில் மட்டும் துடைப்பத்தைக் கொடுப்பதும் கல்வி அல்ல. அது பள்ளிக்குள் நுழைந்த தீண்டாமை. அதைக் கண்ட இடத்தில் எதிர்க்க வேண்டும்.

ஆகவே, நாம் கேட்கிற கல்வி எது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குலக்கல்வி பிள்ளையின் பாட நேரத்தைப் பறித்தது. நாம் கேட்பது முழுநேரப் பள்ளியில், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடமாக நடக்க வேண்டும். குலக்கல்வி அப்பன் செய்ததை அப்படியே செய்யப் பழக்கியது. நாம் கேட்கிற கல்வி, அப்பன் ஏன் அப்படிச் செய்கிறான், வேறு விதமாகச் செய்யலாமா, விளைந்தது யாருக்குப் போகிறது என்றெல்லாம் கேட்கப் பழக்க வேண்டும். மண்வெட்டி பிடிக்க நம் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மண்ணை ஆராயச் சொல்லித்தர வேண்டும்.

ஹோஷங்காபாத்தில் நடந்தது என்ன?

இது நடக்கக்கூடிய காரியமா? ஓட்டை உடைசல் கட்டடமும், ஆய்வுக்கூடமே இல்லாத கிராமத்துச் சர்க்கார் பள்ளியும் இதைச் செய்ய முடியுமா? முடியும். நம் நாட்டிலேயே முப்பது ஆண்டுகள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

மத்தியப் பிரதேசத்தில் நர்மதை நதிக்கரையில் ஹோஷங்காபாத் ஜில்லா இருக்கிறது. இப்போது அதற்கு நர்மதாபுரம் என்று பெயர். கோதுமை விளையும் பூமி, ஏழை விவசாயிகளும் கூலிகளும் நிறைந்த இடம். பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த அனில் சத்கோபால் என்ற விஞ்ஞானி அந்த வேலையை விட்டுவிட்டு இந்த ஜில்லாவின் ஒரு கிராமத்துக்கு வந்தார். கிஷோர் பாரதி என்ற ஸ்தாபனம் அங்கே உருவாயிற்று. ஏற்கெனவே ரசூலியாவில் நண்பர்கள் கிராம மையம் என்ற ஸ்தாபனம் இயங்கிவந்தது. இந்த இரண்டும் சேர்ந்து, ராஜ்ய சர்க்காரின் அனுமதியுடன், 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு விஞ்ஞானப் பாடத்தைத் தொடங்கின. 6, 7, 8 வகுப்புகள். எல்லாம் சாதாரணச் சர்க்கார் பள்ளிகளே. பொறுக்கி எடுத்த மாணவர்கள் இல்லை. தனியாக நியமித்த வாத்தியார்களும் இல்லை.

டில்லி சர்வகலாசாலை ஆசிரியர்களும் பெரிய ஆராய்ச்சி நிலையங்களின் விஞ்ஞானிகளும் அங்கே வந்து கிராமத்து வாத்தியார்களோடு தரையில் உட்கார்ந்து பாடம் தயாரித்தார்கள். அந்தப் புத்தகத்துக்குப் ‘பால் வைஞானிக்’ என்று பெயர். குழந்தை விஞ்ஞானி என்று அர்த்தம். மற்றப் புத்தகங்களுக்கும் அதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. அதில் பரிசோதனை செய்யும் வழி இருந்தது, கேள்வி இருந்தது, பதில் அச்சிடப்படவில்லை. நான்கு பிள்ளைகள் ஒரு குழுவாக உட்கார்ந்து பரிசோதனை செய்வார்கள். கண்டதை நோட்டில் எழுதுவார்கள். ஒரு குழு கண்டது இன்னொரு குழு கண்டதோடு ஒத்துப்போகாவிட்டால் விவாதம் நடக்கும், மறுபடியும் செய்து பார்ப்பார்கள். பதில் அங்கிருந்துதான் பிறக்க வேண்டும்.

வெளியே போய்ச் சுற்றிப் பார்ப்பதும் பாடத்தில் சேர்ந்தது. வயலுக்குப் போய்ப் பயிரைப் பார்த்தார்கள். இலைகளைச் சேகரித்து வகை பிரித்தார்கள். பூவைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று எண்ணினார்கள். ஈ எப்படிப் பிறந்து வளர்கிறது என்று நாள்தோறும் கவனித்தார்கள். வகுப்புக்குள் மண்ணைக் கொண்டுவந்து, எந்த மண் எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது என்று அளந்தார்கள்.

இந்தப் பாடங்கள் வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதற்கு அந்த ஜில்லாவே சாட்சி. 1970களில் தவா நதியின் குறுக்கே பெரிய அணை கட்டிக் கால்வாய் வெட்டினார்கள். கரிசல் மண் அந்தத் தண்ணீரைத் தாங்காமல் வயல்களில் நீர் தேங்கி நிலம் கெட்டது. 1977இல் அங்கே விவசாயிகள் மண்ணைக் காக்கும் இயக்கம் நடத்தினார்கள். எந்த மண் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பது அங்கே வயிற்றுப்பாட்டுப் பிரச்னை. அதை அறிய ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் உரிமை உண்டு.

பரிசோதனைக்குச் சாமான்கள் எங்கிருந்து வந்தன? சர்க்கார் பள்ளிகளுக்கு ஒரு பெட்டிச் சாமான்கள் கொடுத்தது. கிடைக்காததற்கு உள்ளூர்ப் பொருள்களைப் பயன்படுத்தினார்கள். அரவிந்த் குப்தா என்ற என்ஜினியர் புனாவில் லாரி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1978இல் ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு அங்கே வந்தார். வாரச் சந்தையில் சைக்கிள் வால்வு ட்யூப் கண்ணில் பட்டது. அதைத் துண்டு துண்டாக வெட்டித் தீக்குச்சிகளை அதில் செருகி, முக்கோணம், சதுரம், வீட்டுச் சட்டம் என்று உருவங்கள் செய்தார். எந்த உருவம் அமுக்கினால் நெளிகிறது, எது உறுதியாக நிற்கிறது என்று பிள்ளைகள் விரலாலேயே கண்டுகொண்டார்கள். மில்லில் மெஷினோடு வேலை செய்கிற தோழர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். கை வைத்துப் பழகாத மெஷினை எவன் அறிவான்?

பரீட்சையும் மாறியது. எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிள்ளைகள் புத்தகத்தையும் தங்கள் நோட்டையும் கொண்டுபோகலாம். மனப்பாடத்தைச் சோதிப்பதில்லை. செய்முறைத் தேர்வும் உண்டு. பிள்ளைகள் மனதில் எழும் எந்தக் கேள்வியையும் ‘சவாலிராம்’ என்ற பெயருக்குக் கடிதம் எழுதிக் கேட்கலாம். கேள்விக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்பனையான ஆள்தான், ஆனால் பதில் வந்தது.

1978இல் ஜில்லா முழுவதற்கும் இந்தப் பாடம் பரவியது. 1982இல் ஏகலவ்யா என்ற ஸ்தாபனம் தோன்றி இந்த வேலையை ஏற்றுக்கொண்டது. போகப் போக 15 ஜில்லாக்களில் சுமார் ஆயிரம் பள்ளிகளில், ஒரு லட்சம் பிள்ளைகள் இப்படிப் படித்தார்கள்.

ஏன் மூடினார்கள்?

இவ்வளவு நன்றாக நடந்த பாடத்தை 2002இல் மத்தியப் பிரதேச சர்க்கார் நிறுத்தியது. ஒரே ராஜ்யத்தில் இரண்டு விதப் பாடம் கூடாது, எல்லாருக்கும் ஒரே புத்தகம் என்றார்கள். மேல்வகுப்புப் பரீட்சைக்கு இது உதவாது என்றார்கள். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் எதிர்த்து எழுதினார்கள். பயனில்லை.

இதிலிருந்து நாம் என்ன படிக்கிறோம்? இரண்டு பாடங்கள் படிக்கிறோம்.

முதலாவது, மேல்வகுப்புப் பரீட்சை மனப்பாடப் பரீட்சையாகவே இருக்கும்வரை, கீழ்வகுப்பில் வைக்கிற எந்த நல்ல பாடத்துக்கும் கழுத்தில் கத்தி தொங்கிக்கொண்டுதான் இருக்கும். மார்க்கை நம்பி வாழ்கிற ஏழைத் தகப்பனைக் குறை சொல்லிப் பயனில்லை. பரீட்சை முறையும் சேர்ந்து மாற வேண்டும் என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, நல்ல விஞ்ஞானிகளும் நல்ல வாத்தியார்களும் மட்டும் சேர்ந்து காப்பாற்றி வைத்த ஒன்றை, சர்க்கார் ஒரு உத்தரவில் முடித்துவிட முடிந்தது. அந்த ஜில்லாவின் கூலிகளும் விவசாயிகளும் திரண்டு, ‘எங்கள் பிள்ளைகளின் பாடத்தில் கை வைக்காதே’ என்று சொல்லியிருந்தால் அந்த உத்தரவு அவ்வளவு சுலபமாக வந்திருக்குமா? பள்ளியைக் காப்பது படித்தவர்களின் வேலை என்று நாம் ஒதுங்கி இருக்கக் கூடாது. சங்கம் வைத்துக் கூலியைக் காக்கிறவர்கள் பள்ளியையும் காக்க முடியும்.

நம் ஊரில் எப்படிச் செய்வது?

வடக்கே நடந்ததை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. நம் ஊரில் எதை எடுத்துக்கொள்வது என்று பார்ப்போம்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். பள்ளிக் கிணறு, குழாய், வாய்க்கால், மழைத் தண்ணீர் ஆகிய நான்கையும் ஒரே அளவாக நான்கு தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால் போதும். தண்ணீர் வற்றிய பிறகு எந்தத் தட்டில் வெள்ளையாக உப்புப் படிகிறது, எதில் அதிகம், எதில் குறைவு என்று எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அதே நான்கு தண்ணீரில் தலைக்கு நூறு பச்சைப்பயறு ஊற வைத்து, எத்தனை முளைத்தன என்று எண்ணலாம். குடிதண்ணீரில் கரைந்த உப்பு ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது என்பது இந்தியத் தர நிர்ணயம். அரை கிராம் என்றால் ஒரு சிட்டிகை. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை வீட்டுக்கு வந்து, “அம்மா, நம் கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கிறது” என்று சொல்வான். ஏன் ஏறியது என்ற கேள்வி அதன் பின்னாலேயே வரும்.

இந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நொய்யல் ஆறு உதாரணம். திருப்பூரில் பனியன் தொழில் பெருகியது. சாயக் கழிவு ஆற்றில் இறங்கியது. 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டியது. அது சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாயிற்று. இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. கீழே நிலம் கெட்டதால் விவசாயக் கூலிக்கு வேலை போயிற்று. 2011இல் சென்னை ஹைகோர்ட் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டபோது மேலே தொழிலாளிக்கு வேலை போயிற்று. முதலாளியோ துணியை வேறு ஊர்களுக்கு அனுப்பிச் சாயம் போட்டுக்கொண்டான். ‘ஆறு வேண்டுமா, வேலை வேண்டுமா?’ என்று நம்மைப் பார்த்துக் கேட்டார்கள். விவசாயத் தொழிலாளியையும் ஆலைத் தொழிலாளியையும் மோத விடுகிற கேள்வி அது. கழிவைச் சுத்தம் செய்யும் செலவை லாபத்திலிருந்து கொடுக்க வேண்டியவன் யார் என்பதே சரியான கேள்வி. தண்ணீரைத் தானே சோதித்துப் பழகிய பிள்ளை, நாளை ஆலைக்குள் போனாலும் வயலுக்குப் போனாலும், இந்தச் சரியான கேள்வியைக் கேட்பான்.

பூச்சி மருந்தை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் விற்கிற ஒவ்வொரு மருந்துப் புட்டியின் லேபிளிலும் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் ஒரு வர்ண முக்கோணம். சிவப்பு என்றால் மிகமிகக் கொடிய விஷம். மஞ்சள் என்றால் கடும் விஷம். நீலம் நடுத்தரம். பச்சை குறைந்த விஷம். இதை வகுப்பில் ஒரு மணி நேரத்தில் சொல்லித்தர முடியும். காலிப் புட்டி எதையும் பிள்ளைகள் தொடக் கூடாது. வாத்தியார் ஒரு படத்தைக் கரும்பலகையில் வரைந்தால் போதும். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்து தெளித்த விவசாயிகளும் கூலிகளும் 20 பேருக்குமேல் விஷம் ஏறி மாண்டார்கள். மருந்து கொடுத்தவன் கையுறை கொடுக்கவில்லை, முகமூடி கொடுக்கவில்லை. சிவப்பு முக்கோணத்தைக் கண்டதும், “அப்பா, கையுறை இல்லாமல் இதைத் தொடாதே. பண்ணைக்காரரிடம் கேள்” என்று சொல்லும் மகள் வீட்டில் இருந்தால், அந்தப் பாடத்தின் மதிப்பை எந்த மார்க்கால் அளப்பது?

காற்றை எடுத்துக்கொள்வோம். மில்லைச் சுற்றியுள்ள தெருக்களில் உள்ள பள்ளிப் பிள்ளைகள், வெள்ளை அட்டைகளில் லேசாக விளக்கெண்ணெய் தடவி மூன்று இடங்களில் கட்டித் தொங்கவிடட்டும். ஒன்று மில் சுவர் அருகே, ஒன்று தெருக்கோடியில், ஒன்று ஊருக்கு வெளியே. ஒரு வாரம் கழித்து எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்க்கட்டும். பஞ்சுத் தூசி எங்கே எவ்வளவு விழுகிறது என்று தெரியும். மில்லுக்குள் அதே தூசியை எட்டு மணி நேரம் சுவாசிக்கிற தோழர்களுக்கு, லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாளன்று நெஞ்சு இறுகுவது தெரியும். பிஸினோஸிஸ் என்று அதற்குப் பெயர். சட்டம் அதைத் தொழிலால் வரும் நோய் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. நஷ்ட ஈடு கேட்க உரிமை உண்டு. அப்பாவின் இருமல் எங்கிருந்து வருகிறது என்று மகன் அட்டையில் காண்பது விஞ்ஞானம் அல்லாமல் வேறென்ன?

அளப்பதையும் சேர்த்துக்கொள்வோம். நெல்லாகக் கூலி வாங்கிய காலத்தில், கூலி அளக்கிற மரக்காலின் மேல் எத்தனை தகராறு நடந்தது என்று பெரியவர்கள் அறிவார்கள். வயலை அளக்கவும், எடையைச் சோதிக்கவும், மழையை ஒரு டப்பாவில் பிடித்து எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று எழுதிவைக்கவும் தெரிந்த பிள்ளையை எவனும் சுலபமாக ஏமாற்ற முடியாது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. எந்த நண்டு எந்த வரப்பில் இருக்கும், எந்தக் களை எந்த மாதத்தில் முளைக்கும், எந்தப் பூச்சி பயிரைத் தின்னும், எந்தப் பூச்சி அந்தப் பூச்சியைத் தின்னும் என்பதெல்லாம் நம் பிள்ளைக்குத் தெரியும். மனப்பாட வகுப்பில் அவன் கடைசி பெஞ்ச். வயலில் பாடம் நடந்தால் வாத்தியாரே அவனைக் கேட்பார். உழைப்பாளி வீட்டுப் பிள்ளையின் அறிவுக்குப் பள்ளியில் முதல் தடவையாக மரியாதை கிடைக்கும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

இவையெல்லாம் நாம் ஆசைப்படுகிறவை மட்டுமா? இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, பிள்ளைகள் செயல்கள் மூலமும் தாமே கண்டறிவதன் மூலமும் தேடிப் பார்ப்பதன் மூலமும் கற்க வேண்டும் என்று சொல்கிறது. அதே சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி, சர்க்கார் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். சர்க்கார் பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு.

இந்தக் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஊருக்கு ஊர் பாருங்கள். பண்ணையாரின் ஆளும் காண்டிராக்டரும் பெயரளவுக்குக் கையெழுத்துப் போட்டால், குற்றம் சட்டத்தின்மேல் மட்டும் இல்லை. நாம் கூட்டத்துக்குப் போகவில்லை என்பதும் காரணம். அரை நாள் கூலி போனாலும் சரி, தாய்மார்கள் முறை வைத்துக்கொண்டு போக வேண்டும். சங்கம் அதற்கு உதவ வேண்டும்.

துணைக்கு ஆட்களும் உண்டு. கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962இல் தொடங்கியது. விஞ்ஞானம் சமூகப் புரட்சிக்கே என்று அது 1970களில் முழங்கியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980இல் பிறந்தது. 1987 முதல் ‘துளிர்’ என்ற சிறுவர் விஞ்ஞானப் பத்திரிகையைத் தமிழில் நடத்தியிருக்கிறது. 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் விஞ்ஞான மாநாட்டில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊர்ப் பிரச்னை ஒன்றை ஆராய்ந்து, தாய்மொழியிலேயே சமர்ப்பிக்கலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் போயிருக்கிறார்கள்? இந்தக் கணக்கைச் சங்கம் எடுக்கட்டும்.

வாத்தியார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவரே இரண்டு மூன்று வகுப்பைப் பார்த்துக்கொண்டு, போதாதற்குப் புள்ளிவிவரமும் நிரப்பிக்கொண்டிருந்தால், வயலுக்குப் பிள்ளைகளை அவர் எப்படி அழைத்துப் போவார்? ஜனக்கணக்கு, தேர்தல், பேரிடர் நிவாரணம் இவை தவிர வேறு வேலைக்கு வாத்தியாரை அனுப்பக் கூடாது என்று அதே சட்டம் கூறுகிறது. வாத்தியாரும் உழைப்பாளிதான். அவரைக் குறை கூறி ஒதுக்காமல் அவரோடு சேர்ந்து நிற்க வேண்டும். ஹோஷங்காபாத்தில் வாத்தியார்களுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சி கொடுத்தார்கள். மாதம் ஒரு முறை அவர்கள் கூடித் தங்கள் கஷ்டங்களை விவாதித்தார்கள். அந்த வசதி இல்லாமல் இந்தப் பாடம் நடக்காது.

நம் கோரிக்கைகள்

ஆகவே தோழர்களே, இந்தக் கூட்டத்தின் மூலம் பின்வரும் கோரிக்கைகளை முன்வைப்போம்:

கிராமப் பள்ளி ஒவ்வொன்றிலும் வாரம் ஒரு அரை நாளாவது பிள்ளைகள் அனைவரும், சாதி வித்தியாசம் ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல், வெளியே சென்று மண், நீர், பயிர், காற்று இவற்றைக் கையால் ஆராயும் பாடம் நடக்க வேண்டும்.

அதற்கான சாமான்களைச் சர்க்காரே தர வேண்டும். பெற்றோரிடம் ஒரு காசும் வசூலிக்கக் கூடாது.

காலி வாத்தியார் இடங்களை உடனே நிரப்ப வேண்டும். வாத்தியார்களுக்கு இதற்கென்றே பயிற்சி தர வேண்டும்.

பரீட்சையில் மனப்பாடத்துக்கு உள்ள இடத்தைக் குறைத்து, செய்முறைக்கும் சொந்தமாகக் கண்டதற்கும் மார்க் தர வேண்டும்.

பிள்ளைகள் தண்ணீரையும் காற்றையும் சோதித்து எழுதியதைப் பள்ளிச் சுவரில் ஒட்ட வேண்டும். கிராம சபையில் படிக்க வேண்டும்.

கடைசிக் கோரிக்கையைக் கேட்டு சிலர் முகம் சுளிப்பார்கள். பிள்ளைகள் எழுதியதைக் கிராம சபையில் படிப்பதா என்பார்கள். படிக்கத்தான் வேண்டும். வாய்க்காலில் கழிவு விடுகிறவனுக்கும், மணலை அள்ளுகிறவனுக்கும், குளத்தை வளைத்துப் போட்டவனுக்கும், ஆறாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டுப் புத்தகம் பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் கூடாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் ஊரில் ஒரு காரியம் செய்யட்டும். பிள்ளைகளையும் ஒரு வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு ஊர்த் தண்ணீரை நான்கு தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். பெரியவர்களும் கூட உட்காருங்கள். எழுத்துத் தெரியாத தாய்மாரும் தட்டில் படிந்த உப்பைப் படிக்க முடியும். அங்கே தெரிவதை எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் கொண்டுபோய் வையுங்கள். எங்கள் பிள்ளைகள் இதைத்தான் பள்ளியில் படிக்க வேண்டும் என்று கேளுங்கள்.

நிலத்தில் உழைப்பவர்கள் நாம். ஆலையில் உழைப்பவர்கள் நாம். அந்த நிலத்தையும் ஆலையையும் அறிகிற அறிவும் நம் பிள்ளைகளுக்குச் சொந்தமாக வேண்டும். அதற்காகப் போராடுவோம், தோழர்களே!